ரெண்டுக்கு மேல் தராத காரீயம்

கோயமுத்தூர் ஜில்லாவில் சோம்பேறிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் சோம்பலுக்கு சயன்ஸிலிருந்து ஆதாரம் காட்டி, அதையே கொள்கையாக வைத்துக்கொண்டு, அந்தக் கொள்கையால் ஒரு ஹாஸ்டலையே தலைகீழாகப் புரட்டியவன் ஒருவன்தான். அவனைத் தெரியாத யாராவது எங்கள் காலேஜில் படித்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். சுத்தப் பொய்.

பேர் காரீயம். அப்பன் ஆத்தா வைத்த பேர் ஒன்று அட்டெண்டன்ஸில் கூப்பிடப்படும். அதற்கு அவன் பதில் சொன்னதில்லை. கூப்பிடும் நேரத்தில் அவன் வகுப்பில் இருந்தால்தானே! கருமத்தம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவனை ஏற்றிவந்த மோட்டார் பஸ் வழி நெடுக ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது என்றும், அவன் இறங்கியதும் நிமிர்ந்து நின்று பெருமூச்சு விட்டது என்றும் சொல்வார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்த கட்டிலைப் பார்த்திருக்கிறேன். அதனால் நம்புகிறேன்.

காரீயம் என்ற பேரை யாரும் அவனுக்கு வைக்கவில்லை. அவனே வைத்துக்கொண்டான். அன்றைக்குக் கெமிஸ்ட்ரி வகுப்பில் நாலாம் குரூப் நடந்துகொண்டிருந்தது. கார்பன், சிலிகன், ஜெர்மேனியம், வெள்ளீயம், காரீயம் என்று ஒரே வரிசையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சட்டைப் பையில் நாலு நாலு எலெக்ட்ரான். மேலே இருக்கிற ஒல்லிப் பயல்கள் நாலையும் தாராளமாகப் புழங்குவார்கள். கீழே போகப் போக ஆள் கனத்துப்போகிறான். கனக்கக் கனக்க, நாலில் இரண்டு எலெக்ட்ரான்கள் பையைவிட்டு வெளியே வர அலுத்துக்கொள்கின்றன. வெள்ளீயம் இரண்டும் கொடுக்கும், நாலும் கொடுக்கும். நாலாகக் கொடுத்தால்தான் அதற்கு மனசு ஆறும். காரீயம் இரண்டைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடும். மீதி ஜோடி கிளம்பாது. 'இனர்ட் பேர்', அதாவது அசையாத ஜோடி, என்று லெக்சரர் போர்டில் எழுதினார்.

கடைசி பெஞ்சில் கண்ணை மூடியிருந்த மலை அசைந்தது.

"ஏனுங்க சார், அப்ப கனமா இருக்கறவன் சோம்பேறியா இருந்தா அது அவங்குத்தம் இல்லீங்களா?"

"அது இயற்கை அப்பா."

"அதச் சித்த எங்கப்பன் வந்தா சொல்லிப்போடறீங்களா சார்?"

அன்றிலிருந்து அவன் காரீயம். இரண்டுதான் தருவான். நாலு லெக்சருக்கு இரண்டுக்குத்தான் போவான். நாலு பேர் தூக்கவேண்டிய பெஞ்சை இரண்டு பேர் தூக்குகிற தூரம் வரைக்கும்தான் தூக்குவான். அப்புறம் அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். பரீட்சையில் ஏதாவது நாலு கேள்விக்குப் பதில் எழுது என்று போட்டிருக்கும். இரண்டுக்கு முத்து முத்தாக எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துத் தூங்குவான்.

"மீதி ரெண்டு தெரியாதா அப்பா?" என்று லெக்சரர் கேட்டார்.

"நல்லாத் தெரியுமுங்க சார். வெளிய வரமாட்டேங்குதுங்க."

மெட்ராஸிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒருவர் வாய்மொழிப் பரீட்சையில் செந்தூரப் பொடியை நீட்டி, "இதில் காரீயத்தின் வேலன்சி என்ன?" என்று கேட்டார். அதற்கு நான் உட்பட அத்தனை பேரும் திருதிருவென்று முழித்தோம். காரீயம் முழிக்கவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விவகாரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்: "இது மூணு பேரு குடியிருக்கற ஊடுங்க. ரெண்டு பேரு ஆளுக்கு ரெண்டு எலெக்ட்ரானக் குடுத்துப்போட்டுக் கம்முனு கெடக்கறாங்க. ஒருத்தன் மட்டும் நாலையும் குடுத்துப்போட்டு, எப்படா திருப்பிப் புடுங்கலாமுன்னு பல்லக் கடிச்சுட்டு நிக்கறானுங்க." எக்ஸாமினர் அசந்துபோய் அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் சரியாகச் சொன்னான். மூன்றாவது கேள்விக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். பெயில்.

அவனிடம் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வோம். அவன் அந்த 'ங்க'வை வைத்துக்கொண்டே ஆளை வெட்டுவான். "நீங்க சொல்றது சுத்த முட்டாத்தனமுங்க சார்" என்று அவன் சொன்னால், மரியாதை கொடுத்தானா வாங்கினானா என்று எதிராளிக்குப் புரிய அரை நாள் ஆகும்.

அதிகம் வெட்டுப்பட்டவர் வார்டன். அவர் இங்கிலீஷ் லெக்சரர். காக்காயை இங்கிலீஷில் விரட்டுவார். கொசு கடித்தால் இங்கிலீஷில் அடிப்பார். ஒருநாள் காலையில் அவருக்குக் காரீயத்தைத் திருத்தவேண்டும் என்று ஆசை வந்தது. மைதானத்தை நாலு சுற்று ஓடவேண்டும் என்று பிரம்போடு நின்றார். காரீயம் இரண்டு சுற்றோடு நின்றான். பிரம்பு விளையாடியது. நாலையும் ஓடினான்.

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி தேவை. காரீயத்தைக் கட்டாயப்படுத்தி நாலுக்கு இழுக்க முடியாதென்று இல்லை. முடியும். ஆனால் இழுத்துவிட்டால் அது சும்மா இருக்காது. பக்கத்தில் எவன் கிடைக்கிறானோ அவனிடமிருந்து இரண்டைப் பிடுங்கிக்கொண்டு பழையபடி ஆன பிறகுதான் ஓயும். நாலாம் சுற்று முடிந்ததும் காரீயம் நேராகச் சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்தான். அன்று ஹாஸ்டலில் காலை டிபன் சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

வார்டன் ஓடிவந்தார். "ஐ ஸே, என்ன இது?"

"எங்கிட்ட இருந்து எச்சா ரெண்டு புடுங்கினீங்கல்லங்க சார்? அதத் திருப்பி எடுத்துக்கிட்டனுங்க. கணக்கு நேராப் போச்சுங்க."

இந்த நிலையில்தான் மாரிமுத்து வந்து சேர்ந்தான். வால்பாறை மலையில் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தேயிலைக் காட்டில் கூலி. என்ன சாதி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதத் தேவையுமில்லை, அவன் பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே ஹாஸ்டல் முழுக்க அதைத்தான் பேசிவிட்டது. அந்தச் சாதியில் பிறந்த ஒருவன் எங்கள் ஹாலில் எங்களோடு பந்தியில் உட்காரப்போவது அதுதான் முதல் தடவை. மேலிடத்து உத்தரவு, வார்டனால் மறுக்க முடியவில்லை. ஆனால் எந்த ரூமில் போடுவது? எவனும் சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்றான். காரீயத்தின் ரூமில் மட்டும் இடம் இருந்தது. அவன் குறட்டைக்கு அங்கே எவனும் தங்கியதில்லை. ஒரே கல்லில் இரண்டு தொல்லையும் தீர்ந்ததாக வார்டன் நினைத்தார்.

மாரிமுத்து வாசலில் நின்றான். காரீயம் படுத்தபடியே கேட்டான்:

"ஏனப்பா, பரீட்சையில நாலு கேள்வி கேட்டா எத்தன எழுதுவே?"

"நாலும் எழுதிப்போட்டு, பின்பக்கம் அஞ்சாவது இருக்குதான்னு திருப்பிப் பாப்பனுங்க."

"அட கெரகமே! நீ வெள்ளீயமப்பா."

"அப்ப நீங்க?"

"காரீயம். ஒரே குரூப்புத்தான், உள்ள வா. நீங்க நாங்கன்னு பேசாத, எனக்குத் தூக்கம் போயிரும். எம்மேல முட்டாம அக்கட்டால போயி உக்காரு."

அதற்குமேல் அவன் எதையும் விசாரிக்கவில்லை. மற்றவர்கள் அவன் விசாரிக்காததை மட்டும்தான் விசாரித்தார்கள்.

மாரிமுத்துவுக்கு அந்தப் பந்தி வெறும் பந்தி அல்ல. ஊரில் ஒரு ஓட்டலும் அவனை உள்ளே விடாது. ஹாஸ்டல் சோறு இல்லையென்றால் காலேஜ் இல்லை. காலேஜ் இல்லையென்றால் மறுபடி மலை, மறுபடி கூடை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் காட்டிக் குழையமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்தவன் இலையை நகர்த்திக்கொண்டால், "நல்லா நகத்துங்க, எனக்குக் கை நீட்ட எடம் பத்துல" என்பான். அதனால்தான் அவனைச் சிலருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் காரீயத்துக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்கு அடுத்த டெர்மில் ஹாஸ்டலின் பெரிய பித்தளை அண்டாக்களுக்குப் புதிதாக ஈயம் பூசினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ரசத்துக்கு ஒரு யோகம் வந்தது. எங்கள் சமையல்காரர் நஞ்சப்பண்ணன். பேர்தான் அப்படி, மனுஷன் நல்லவர். அவர் வைக்கிற ரசத்தை அதுவரை கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்போம். இப்போது அதில் மெல்லிசாக ஒரு இனிப்பு. "வெல்லம் போடறீங்களாண்ணா?" என்று கேட்டால் அவருக்கே புரியவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

கொஞ்ச நாளில் ஒருவன் வயிற்றைப் பிடித்தான். அப்புறம் இன்னொருவன். அப்புறம் வரிசையாக எல்லோரும். குடலைத் துணி பிழிவதுபோலப் பிழிந்தது. வெளியே போகலாம் என்று போனால் ஒன்றும் வராது. டாக்டர் வந்தார், விளக்கெண்ணெய் கொடுத்தார், போனார். விளக்கெண்ணெய் தீர்ந்தது. வலி தீரவில்லை.

உடனே ஒரு கூட்டம் காரணம் கண்டுபிடித்தது. "பந்தியில யாரு புதுசா வந்து உக்காந்தாங்களோ அதுல இருந்துதான். தீட்டு சும்மா உடுமா?" மாரிமுத்து வந்து பல மாதம் ஆகிவிட்டது, வலி வந்து சில வாரம்தான் ஆகிறது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வரவில்லை. சிலருக்கு இதைப் படித்ததும் கோபம் வரும். வரட்டும்.

வார்டன் ஹாலில் எல்லோரையும் கூட்டினார். மாரிமுத்துவை நிற்கவைத்தார்.

"இது என் அபிப்பிராயம் இல்லை. ஆனால் எல்லாரும் சொல்கிறார்கள். நீ இன்றிலிருந்து பின்னால் விறகுக் கொட்டகையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடு. அரிசி பருப்பு தரச் சொல்கிறேன். நீ போன பிறகு எல்லாருக்கும் வயிறு சரியாகிவிட்டால், அடுத்த டெர்முக்கு நீ வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்."

"எனக்கும்தானுங்க சார் வயிறு வலிக்குது. என்ற தீட்டு என்னையே புடிச்சுக்குச்சுங்களா?"

ஹாலில் யாரோ சிரித்துவிட்டார்கள். வார்டன் முறைத்தார். மாரிமுத்து விடவில்லை.

"சரிங்க சார், போறேன். நான் போயும் உங்களுக்கெல்லாம் வலி நிக்கலைன்னா, நீங்க அத்தன பேரும் வேற எடம் பாத்துக்குவீங்களா?"

"ஷட் அப்!"

கூட்டத்தில் காரீயம் இருந்தான். எழுந்து முழங்குவான் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாரி ரூமுலதான இருப்பான்? பொழுதானா லைட்ட அணைக்கறதுக்கு ஆள் வேணுமுங்க" என்று மட்டும் கேட்டான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கை வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாரிமுத்து விறகுக் கொட்டகையில் மூன்று கல்லைக் கூட்டினான். ஹாஸ்டல் பாத்திரம் எதையும் தொடக்கூடாதென்று சொல்லிவிட்டதால் இரண்டு மண்சட்டி வாங்கிவந்தான். அவன் வைத்த கொள்ளு ரசம் இருக்கிறதே! பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு அவன் தாளித்தால், வாசனை ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வந்து ஒவ்வொருவன் மூக்கையும் பேர் சொல்லிக் கூப்பிடும்.

நாங்கள் வலியோடு உருண்டோம். மாரிமுத்துவுக்கு வலி குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றேபோயிற்று. ஒருநாள் மத்தியானம் பந்தி பாதியில் இருக்கும்போது ஹாலில் சத்தம் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். காரீயம் எழுந்துகொண்டிருந்தான். சோற்றுக்கு முன்னாலிருந்து அவன் எழுந்து யாரும் பார்த்ததில்லை. ரூம் ரூமாகச் செய்தி போயிற்று. காரீயம் நடக்கிறான்!

"எங்கே போகிறாய்?" என்றார் வார்டன்.

"சாப்பாட்டுக்குங்க."

"சாப்பாடு இங்கே இருக்கிறது."

"இது வயித்துவலிங்க சார். சாப்பாடு அங்க கொட்டகையில இருக்குதுங்க."

"அங்கே போனால் அந்தத் தீட்டு உனக்கும் ஒட்டும்."

காரீயம் தன் உடம்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். "ஒட்டட்டுமுங்க. எம்மேல நெறைய எடமிருக்குது."

கொட்டகையில் மாரிமுத்து நம்பமுடியாமல் பார்த்தான். "ஏப்பா காரீயம், எனக்காகவா எந்திரிச்சு வந்தே?"

"ஒனக்காகவா? ஆசையப் பாரு. ரசத்துக்காகப்பா. சட்டிய இக்கட்டால தள்ளு."

ஒரே வாரத்தில் காரீயத்தின் வலி ஓடிவிட்டது. அது ஹாலில் இருந்தவர்களின் கொள்கையை ஆட்டியது. முதலில் நான் போனேன். என் பின்னால் என் ரூம்காரன். அப்புறம் இரண்டு இரண்டு பேராக. கடைசியில், தீட்டு தீட்டு என்று முதலில் கூவினானே, அவனே ஒரு டம்ளரை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நின்றான். அவர்கள் மனசு மாறிவிட்டது என்று நான் பூசி மெழுகமாட்டேன். வயிறு மாறியது, மனசு வேறு வழியில்லாமல் பின்னால் வந்தது. மாரிமுத்து அவன் டம்ளரில் ரசத்தை ஊற்றி, "பாத்துங்க, சூடாவும் இருக்குது, தீட்டாவும் இருக்குது" என்றான். அவன் ஊதி ஊதிக் குடித்தான்.

விஷயத்தை உடைத்ததும் மாரிமுத்துதான். ஒருநாள் காலையில் கண்ணாடி பார்த்துப் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் காரீயத்தை உலுக்கினான்.

"ஏப்பா, ஈறக் காட்டு. பல்லடியில நீலமா ஒரு கோடு தெரியுது பாரு. எனக்கும் இருந்துச்சு, இப்ப மங்கிப்போச்சு. புஸ்தகத்துல காரீய விஷத்துக்கு இதத்தான போட்டிருக்கறான்?"

காரீயம் எழுந்து உட்கார்ந்தான். "ரசம் இனிச்சுதல்ல? காரீய உப்பு இனிக்குமப்பா. அட, என்ற சொந்தக்காரன் அண்டாவுக்குள்ள உக்காந்திருக்கறான், எனக்குத் தெரியாமப் போச்சே!"

அன்று முழுக்க அவன் ஹாஸ்டலில் கண்டவன் உதட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தான். மாட்டுச் சந்தைத் தரகன் கெட்டான். வார்டனிடமும் போனான். "சித்த உதட்டத் தூக்குங்க சார்." வார்டன் உதட்டைத் தூக்கவில்லை, பிரம்பைத் தூக்கினார். ஆனால் அந்தக் கோபத்தில் பல்லைக் கடித்தாரா, அதுவே போதுமாக இருந்தது. கோடு இருந்தது.

"அண்டாவுல காரீயம் இருக்குதுங்க சார். பந்தியில வெச்சு சோதிச்சு ருசுப்பிச்சுக் காட்டறோம். ருசுவாயிருச்சுன்னா மாரிய உள்ள உக்கார வெக்கோணுமுங்க."

"ருசுவாகவில்லை என்றால்?"

காரீயம் மாரிமுத்துவைப் பார்த்தான். மாரிமுத்துதான் பதில் சொன்னான். "நானே பெட்டியக் கட்டிப்போடறனுங்க."

காரீயம் லேபிலிருந்து பொட்டாசியம் அயோடைடு கேட்டு வாங்கிவந்தான். காரீயம் கரைந்த தண்ணீரில் அதை விட்டால் பளிச்சென்று மஞ்சளாகும். எல்லோரும் சுற்றி நிற்க, ஹால் ரசத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டான். எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள்.

"மஞ்சளா இருக்குது பாருங்க!" என்றான் காரீயம் வெற்றியோடு.

"ஊத்தறதுக்கு முந்தியே மஞ்சளாத்தானுங்க தம்பி இருந்துச்சு" என்றார் நஞ்சப்பண்ணன். "ஈரோட்டு மஞ்சளு. நாந்தான் போட்டேன்."

சிரிப்பில் ஹால் இடிந்துவிழுந்தது. வார்டன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ரசம் மஞ்சளாக இருப்பதுதான் உன் சயன்ஸா?" மாரிமுத்துவைப் பார்த்து, "பெட்டி எங்கே?" என்றார்.

காரீயத்தின் முகம் அப்படிச் சிவந்து நான் கண்டதில்லை. "இருங்க சார்" என்றான். "ஒண்ணு ஆச்சு. எனக்கு இன்னொண்ணு பாக்கி இருக்குது. ரெண்டு தருவனுங்க."

அண்டாவின் உள்பக்கத்தை மாரிமுத்து கத்தியால் சுரண்டினான். பித்தளை தெரியாமல் மேல்பூச்சை மட்டும் மெதுவாகச் சுரண்டினான். அதை லேபிலிருந்து கொண்டுவந்த நைட்ரிக் ஆசிடில் போட்டுச் சூடாக்கினார்கள். பழுப்புப் புகை கிளம்பி வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டார். புகை அடங்கியதும் அடியில் வெள்ளையாக மாவு போல ஒன்று படிந்தது.

"இது வெள்ளீயமுங்க. ஆசிடக் கண்டா நாலையும் குடுத்துப்போட்டு, கரையாம அடியில உக்காந்துக்கும்" என்றான் மாரிமுத்து. மேலே தெளிந்த தண்ணீரை வடிகட்டி எடுத்தான். "காரீயம் இருந்தா, ரெண்ட மட்டும் குடுத்துட்டு இந்தத் தண்ணிக்குள்ள கரைஞ்சு ஒளிஞ்சிருக்கும். மஞ்சத்தூளு இதுக்குள்ள இல்லீங்க. நஞ்சப்பண்ணன் சாட்சி."

அந்தத் தண்ணீரை ஆசிட் போக வற்றவைத்து, நல்ல தண்ணீர் விட்டு, காரீயம் மறுபடி அயோடைடைச் சொட்டினான். கண்ணாடிபோல இருந்த தண்ணீர் ஒரே சொட்டில் செவ்வந்திப் பூவாக மஞ்சளித்தது. யாரும் சிரிக்கவில்லை. சூடாக்கினான், மஞ்சள் மறைந்து தெளிந்தது. ஆறவைத்தான், தங்கத் தகடுகளாக, ஜிகினா கொட்டுவதுபோல மின்னி மின்னி இறங்கியது.

"ஈரோட்டு மஞ்சளு இப்படி ஆடுமுங்களா சார்? தீட்டுத் தீட்டுன்னீங்களே, பாத்துக்குங்க. ரெண்டு வேலன்சியில வந்திருக்குது."

வார்டன் கொதித்துவிட்டார். "இம்பாஸிபிள்! அந்தப் பூச்சில் கலப்படம் இருக்கவே முடியாது! இந்த ஊர்க் கடைக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்றுதானே நானே மெட்ராஸ் கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதி வரவழைத்தேன்! பியூர் லெட்! ஹண்ட்ரட் பர்ஸென்ட் பியூர் லெட்!"

எல்லோர் தலையும் ஒரே சமயத்தில் அண்டாவின் பக்கம் திரும்பியது.

நடந்தது இதுதான். அண்டாவுக்கு ஈயம் பூசவேண்டும் என்று நஞ்சப்பண்ணன் சொல்லியிருக்கிறார். தமிழில் நமக்கு இரண்டும் ஈயம்தான். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம் என்பது பூசுகிறவனுக்கும் தெரியும், கடைக்காரனுக்கும் தெரியும், எவனும் விவரித்துச் சொல்வதில்லை. வார்டன் ஈயத்தை இங்கிலீஷாக்கினார். ஈயம் என்றால் லெட். லெட் என்றால் காரீயம். ரோடோரக் கடையில் தமிழில் கேட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"ஒட்டவே மாட்டேங்குதுன்னு பூசறவரு சொன்னாருங்களே" என்றார் நஞ்சப்பண்ணன் பாவமாக. "அவரு கையில இருந்து கொஞ்சம் வெள்ளீயத்தப் போட்டுத்தானுங்க பூசினாரு. சார்தான், நான் தந்ததையே போடுன்னுட்டீங்க."

அண்டாக்கள் வெளியே போயின. பூச்சைச் சுரண்டி, சுத்த வெள்ளீயம் பூசி வந்தன. அதுவரை மொத்த ஹாஸ்டலும் கொட்டகையில் மண்சட்டிச் சோறு தின்றது. மாரிமுத்து கரண்டியோடு நின்று, "அவசரப்படாதீங்க, எல்லாத்துக்கும் உண்டு" என்று அதட்டுவான். வார்டனுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. யார் கண்ணிலும் படாமல்தான் போயிற்று. ஆனால் போயிற்று.

ஹால் திறந்த நாள் வந்தது. வார்டன் கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"எல்லாரும் உள்ளே வரலாம்."

ஒருவரும் அசையவில்லை, ஏனென்றால் வாசலை அடைத்துக்கொண்டு காரீயம் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாருமுங்களா சார்?"

"எல்லாரும்தான்."

"போகச் சொன்னப்ப பேரச் சொல்லித்தான சொன்னீங்க? வரச் சொல்றப்பவும் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

வார்டன் அவனைப் பார்த்தார். அவன் நகர்வதாக இல்லை. பிரம்பு கையில் இருந்தது. அவன் நகரமாட்டான் என்று அதற்கும் தெரியும் போல, தொங்கியபடியே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதட்டாமல், வீட்டுத் தமிழில் சொன்னார்:

"மாரிமுத்து, உள்ளே வாப்பா. சாப்பிட வா."

மாரிமுத்து அடுப்படியில் குந்தியிருந்தான். கையில் டம்ளர். 

"வாரனுங்க சார். இந்த ரசம் ஆறிப்போயிரும், குடிச்சுப்போட்டு வாரேன். நீங்க நில்லுங்க."

வார்டன் நின்றார். மாரிமுத்து ஒவ்வொரு மடக்காகக் குடித்தான். ஹாஸ்டலுக்கே உத்தரவு போடுகிற ஆள், விறகுக் கொட்டகை வாசலில், வெயிலில் நின்றார்.

நாங்கள் முன்னால் போய் ஹாலில் உட்கார்ந்தோம். காரீயமும் வந்தான். வழக்கம்போல அகலமாக உட்காரப்போனவன், உடம்பை ஒடுக்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அந்த இடத்தைத் தன் துண்டால் துடைத்து, இலையைத் தானே போட்டான். நஞ்சப்பண்ணன் வந்து அவன் இலையில் ஆவி பறக்கச் சோற்றைக் குவித்தார். பருப்பை ஊற்றினார். நெய்யை விட்டார்.

அவன் தொடவில்லை. பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் பசி கொல்லுகிறது. ஆனால் அந்தத் தடியன் கை வைக்காதபோது நான் எப்படிக் கை வைப்பது? நெய் சோற்றில் ஊறி, ஆவி அடங்கி, சோறு ஆறிக்கொண்டே வந்தது. அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நானும் அவனோடு உட்கார்ந்திருந்தேன்.